மாற்றுத்திறனாளர் கலைகளில் தலைமைத்துவம்

மாற்றுத்திறனாளர் கலைகளில் தலைமைத்துவம் என்பது, உடல், புலன், அறிவு அல்லது உளம் சார்ந்த குறைபாடு உடையோர் கலையை நிகழ்த்துபவர்களாக மட்டுமன்றி, அதை ஆக்குபவர்களாகவும், கற்பிப்பவர்களாகவும், இயக்குபவர்களாகவும், அதற்குரிய பணம், மேடை ஆகியவை பற்றி முடிவெடுப்பவர்களாகவும் விளங்கும் நிலையைக் குறிக்கும். மாற்றுத்திறனாளர் ஒருவர் மேடையில் தோன்றுவதும், அம்மேடை யாருக்காக, எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பதும் வெவ்வேறானவை. முதலாவது தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. இரண்டாவதும் பழைய காலத்தில் சில இடங்களில் இருந்திருக்கிறது. பழனியில் பிறந்த 19ஆம் நூற்றாண்டுப் புலவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு ஆவார்.

சொற்கள்

தமிழில் இப்பொருள் குறித்த சொற்கள் பலமுறை மாறியுள்ளன. குருடர், செவிடர், முடவர் முதலிய பழஞ்சொற்கள் இன்று இழிவாகக் கருதப்படுகின்றன. பின்னர் வழங்கிய 'ஊனமுற்றோர்' என்பதற்குப் பதிலாக 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. இலங்கைத் தமிழில் 'மாற்றுத்திறனாளிகள்', 'வலுவிழந்தோர்' ஆகிய இரண்டும் வழங்குகின்றன. 'வலுவூட்டல்' என்னும் சொல் பயிற்சி அளித்தல், உதவி செய்தல் என்ற பொருளில் மட்டும் பல இடங்களில் ஆளப்படுகிறது. இக்கட்டுரையில் அது, முடிவெடுக்கும் இடம் கைமாறுவதையும் சேர்த்தே குறிக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 2.68 கோடி மாற்றுத்திறனாளர்கள் இருந்தனர். தமிழ்நாட்டில் இவர்களின் எண்ணிக்கை சுமார் 11.8 லட்சம். அக்கணக்கெடுப்பு பயன்படுத்திய வகைப்பாடு குறுகியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளதால், இன்று அதே அளவுகோலைக் கொண்டு எண்ணினால் தொகை கூடவே செய்யும்.

குறைபாடும் தடையும்

இத்துறையைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஒருவருடைய உடலில் அல்லது புலனில் உள்ளது குறைபாடு. அதனால் அவர் ஒன்றைச் செய்ய இயலாதவாறு சூழல் ஏற்படுத்துவது தடை. இவ்வாறு பிரித்துக் காணும் பார்வையைச் 'சமூக மாதிரி' என்பர். 1970களில் பிரித்தானியாவின் மாற்றுத்திறனாளர் இயக்கத்தில் உருவான இக்கருத்துக்கு, 1983இல் மைக் ஆலிவர் என்னும் அறிஞர் இப்பெயரை வழங்கினார். அவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர்.

பழனி மலைப்பகுதியில் இதை விளக்க வேற்றிடச் சான்று தேவையில்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1845இல் அமெரிக்க மதுரை மிசன் குடும்பங்கள் அங்கு முதல் வீடுகளைக் கட்டின. 1910களில் மோட்டார் வண்டிச் சாலை திறக்கப்படும் வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மேலே செல்வோர் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ சென்றனர். நல்ல கால்களை உடைய துரைமார் பலர் இவ்வாறு தோளில் சுமக்கப்பட்டே மலையேறினர். அவர்களை எவரும் இயலாதவர் என்று அழைக்கவில்லை. அது அவர்களுடைய தகுதிக்குரிய வசதியாகக் கருதப்பட்டது.

பழனி மலைக்கோயிலும் இத்தகையதே. அடிவாரத்திலிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ 690 படிகள் உள்ளன. 1966இல் இழுவை இரயிலும் 2004இல் கம்பிவட ஊர்தியும் வந்தன. படியேற இயலாதவர் தொகை அவ்வாண்டுகளில் மாறிவிடவில்லை. வழி மாறியது, அவ்வளவே. கலைத்துறையிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுவே: இங்கே படிக்கட்டு எது, இழுவை இரயில் எது?

மாம்பழக் கவிச்சிங்க நாவலர்

மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) பழனியில் பிறந்தவர். மூன்றாம் வயதில் அம்மை நோயால் கண்பார்வையை இழந்தார். கேட்டு மனனம் செய்தே இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பழனி முருகன் மீது சிறு நூல்கள் பாடினார். தனிப்பாடல்களும் பல பாடினார். சிலேடை, யமகம், திரிபு போன்ற சொல்வித்தைகளில் வல்லவராகப் பெயர் பெற்றார். இராமநாதபுரம் சேதுபதிகளின் அவை அவரை ஆதரித்தது. அக்காலத்தில் அவ்வவையின் புலவர்களைப் போற்றியவர்களுள் பொன்னுசாமித் தேவர் முதன்மையானவர். இவருடைய மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 'கவிச்சிங்கம்' என்பது புலமைக்காகக் கிடைத்த சிறப்புப் பெயர்.

இவருடைய வாழ்க்கை வழக்கமாக 'பார்வை இல்லாதபோதும் சாதித்தார்' என்ற முறையில் சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்வதில் ஒரு முக்கியமான செய்தி மறைந்து விடுகிறது. அவருடைய காலத்துப் புலமை மரபில் கண்ணின் பங்கு இன்றிருப்பதை விடக் குறைவு. பாடம் ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் செவிக்குச் சென்றது. நூல்கள் மனப்பாடமாகவே இருந்தன. அவையில் ஈற்றடியைக் கொடுத்தால் உடனே பாட்டை முடிக்க வேண்டும்; அதற்கு ஏடு பார்க்க நேரமில்லை. பாடலை எழுதுவதும் பெரும்பாலும் புலவரின் வேலை அன்று. பார்வை உடையவரான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினர். அவ்வாறு எழுதிய மாணவர்களுள் உ. வே. சாமிநாதையரும் ஒருவர். ஆகவே, பழனிப் புலவருக்கு எழுத்தர் ஒருவர் தேவைப்பட்டது தனிச்சலுகையாகத் தோன்றவில்லை. எல்லாப் பெரும்புலவருக்கும் இருந்த ஏற்பாடு அவருக்கும் இருந்தது.

யாப்பு, செவி சார்ந்த கலை என்பதும் கருதத்தக்கது. எதுகை, மோனை, சந்தம் ஆகியவை கண்ணுக்கன்றிக் காதுக்கு உரியவை. சிலேடையும் ஒலியைப் பிரித்துக் கேட்பதிலேயே பிறக்கிறது. இத்தகைய துறையில் போட்டி சமமானது. இரக்கத்திற்கு அங்கே இடமில்லை. பிழையிருந்தால் அவையில் உள்ள பிற புலவர் சுட்டிக்காட்டுவர்.

எனினும் இந்நிலையை மிகைப்படுத்தலாகாது. அது ஆதரவாளர் ஒருவரின் விருப்பைச் சார்ந்திருந்தது. ஆதரவு நின்றால் புலவரின் வருவாயும் நிற்கும்; இது பார்வையுள்ள புலவருக்கும் பொருந்தும். அக்காலத்தில் அம்மையால் பார்வை இழந்த குழந்தைகள் எண்ணற்றோர். அவர்களுள் கல்வி கற்பிக்க முன்வரும் ஆசிரியர் வாய்த்தவர் மிகச் சிலரே. பெண் குழந்தைகளுக்கு அவ்வாய்ப்பு அதனினும் அரிது.

தமிழ் மரபில் பிறர்

பழனிப் புலவருக்கு முன்னோடிகள் உண்டு. இரட்டைப் புலவர் எனப்படும் இளஞ்சூரியர், முதுசூரியர் ஆகிய இருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமக்க, அவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்றனர் என்பது மரபு. வெண்பாவின் முன்பாதியை ஒருவர் பாடப் பின்பாதியை மற்றவர் முடிப்பார் என்றும் கூறுவர். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியவை இவர்களுடைய நூல்கள்.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா முதலியவற்றை இயற்றியவர். முதுகில் எழுத்துக்களை எழுதிக் காட்டச் செய்து எழுத்தறிவு பெற்றார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. இவருடைய பெயரிலேயே 'அந்தக' என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. பழனிப் புலவரின் பெயரிலோ அவருடைய கவித்திறத்தைக் குறிக்கும் சிறப்புப் பெயரே உள்ளது. ஒருவர் எதனால் அறியப்படுகிறார் என்பதில் இவ்விரு பெயர்களுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

இசையில் கும்பகோணம் சரப சாத்திரிகள் (1872–1904) குறிப்பிடத்தக்கவர். இளமையிலேயே பார்வை இழந்த இவர், புல்லாங்குழலைக் கருநாடக இசையின் தனிக்கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தியவராகக் கருதப்படுகிறார். பல்லடம் சஞ்சீவ ராவ் இவருடைய மாணவர். இதனை விளக்கிச் சொல்ல வேண்டும்: இன்று பார்வையுள்ள புல்லாங்குழல் கலைஞர் பலர் பின்பற்றும் மரபின் தொடக்கத்தில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அதுபோல வீணை தனம்மாளுக்குப் (1867–1938) பதங்களைக் கற்பித்தவர்களுள் பார்வையற்ற இசைவாணரான வாலாசாப்பேட்டை பாலகிருட்டிணதாசும் ஒருவர். தலைமைத்துவம் என்னும் சொல் அக்காலத்தில் இல்லை. குரு என்னும் சொல் இருந்தது.

அச்சு, பள்ளி, கணினி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு நூலும் தேர்வு முறையும் பரவின. கற்றல் செவியிலிருந்து கண்ணுக்கு மாறியது. கரும்பலகையைப் பார்க்கவும், அச்சைப் படிக்கவும், தாளில் எழுதவும் இயலாதவர் 'கற்க இயலாதவர்' ஆனார். பார்வையற்றோருக்கெனத் தனிப்பள்ளிகள் தோன்றின. தமிழகத்தில் பாளையங்கோட்டைப் பள்ளி 1890 அளவில் தொடங்கப்பட்டது. இத்தகைய பள்ளிகள் ஆற்றிய பணி பெரிது. ஆயினும் அவற்றில் பெரும்பாலும் பிரம்பு பின்னலும் இசையும் பிழைப்புக்குரிய தொழில்களாகவே கற்பிக்கப்பட்டன. புலவர் அவையில் பிறரோடு வாதிட்ட மரபு அங்கே தொடரவில்லை. இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெய்ல் முறை 1951இல்தான் ஏற்கப்பட்டது.

கணினி இந்நிலையை ஓரளவு திருப்பியுள்ளது. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைபடிப்பான் மென்பொருள்களுள் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, 2006இல் ஆத்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரனால் தொடங்கப்பட்டது. பின்னர் சேம்சு டே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். தமக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கியமையால், எது முதலில் திருத்தப்பட வேண்டும் என்பதை அவர்கள் பிறரிடம் விளக்கிக் கொண்டிருக்க நேரவில்லை. இதில் தமிழையும் கேட்கலாம்.

ஆனால் திரைபடிப்பானுக்கு ஒருங்குறி எழுத்து தேவை. தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் இதழும் தனக்கென ஒரு எழுத்துருவைப் பயன்படுத்தியது. பார்வையுள்ளோருக்கு அது எழுத்துரு ஒன்றைத் தரவிறக்கும் தொல்லை மட்டுமே; திரைபடிப்பானுக்கோ அது பொருளற்ற உரோம எழுத்துக்களின் குவியல். தமிழக அரசு ஒருங்குறியை 2010இல் ஏற்றது. இன்றும் பழைய தமிழ் நூல்கள் பல படங்களாகவே மின்வருடப்பட்டுள்ளன. எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றப்படும் வரை அவற்றைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் தாமாகப் படிக்க இயலாது. பழனிப் புலவரின் பாடல்களை, அவரைப் போன்ற ஒருவர் இன்று இணையத்தில் தேடினால் எந்த வடிவில் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே அவை அவருக்கு எட்டும்.

இடையில் வந்த வானொலி, எந்த மாற்றமும் வேண்டாமலேயே பார்வையற்றோருக்கு முழுமையாகத் திறந்திருந்த கலைக்கூடம். கொடைக்கானல் மலையுச்சியின் உயரத்தால், 100.5 மெகா ஏர்ட்சில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலை தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்கிறது. கேட்கும் திறனற்றோருக்கு இதே வானொலி முற்றிலும் மூடிய கதவு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். எல்லாருக்கும் ஒரே வழி பொருந்துவதில்லை.

பிரித்தானிய இயக்கம்

மாற்றுத்திறனாளர் கலையைத் தனி இயக்கமாக முதலில் வளர்த்தது பிரித்தானியா எனலாம். 1980இல் நபில் சபான், ரிச்சர்டு டாம்லின்சன் ஆகியோர் கிரேயே நாடகக் குழுவைத் தொடங்கினர். ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் தமக்குள் பகிர்ந்துகொண்ட கிரேக்கத் தொன்மத்தின் மூன்று சகோதரியரின் பெயர் அது. நம் இரட்டைப் புலவரை நினைவூட்டுவது. 1986இல் இலண்டன் மாற்றுத்திறனாளர் கலை மன்றம் தோன்றியது. மாற்றுத்திறனாளரைக் காட்டி நன்கொடை திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எதிராக 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் கலைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடினர்.

கிரேயேயின் கலை இயக்குநராக 1997இல் பொறுப்பேற்ற சென்னி சீலி கேட்கும் திறனற்றவர். இவருடைய முறையில் சைகை மொழியும் ஒலிவழி விவரணையும் நாடகம் முடிந்தபின் ஓரத்தில் ஒட்டப்படுபவை அல்ல. நாடகம் எழுதப்படும்போதே பாத்திரங்களின் பேச்சிலும் அசைவிலும் அவை கலந்து விடுகின்றன. 2012 இலண்டன் இணை ஒலிம்பிக்கின் தொடக்க விழாவை இவர் பிராட்லி எம்மிங்சுடன் சேர்ந்து இயக்கினார். கட்டடம் கட்டிய பின் சாய்தளம் சேர்ப்பதற்கும், வரைபடத்திலேயே அதை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. வரைபடம் வரைபவர் யார் என்பதே இங்கும் தலைமைத்துவம்.

இலங்கையில் சுனேத்திரா பண்டாரநாயக்க, வொல்ப்காங் சுடாங்கே ஆகியோரின் முயற்சியால் 2000இல் உருவான சுனேரா அறக்கட்டளை, போரில் காயமுற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளருக்கு நாடகம், நடனம் ஆகியவற்றில் பயிற்சி அளித்து மேடையேற்றியது.

இந்தியக் கலைஞர்கள்

ஓவியத்தில் சாந்திநிகேதனின் பினோத் பிகாரி முகர்ச்சி (1904–1980) இவ்வகையில் பெரிதும் பேசப்படுபவர். பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்திருந்தது. 1950களின் நடுப்பகுதியில் கண் அறுவைக்குப் பின் முற்றிலும் பார்வை இழந்தார். அதன் பின்னும் தாள் வெட்டு ஓவியங்களும் சுவருக்கான ஓட்டு ஓவியமும் படைத்தார். கலாபவனில் தொடர்ந்து கற்பித்தார். அவருடைய மாணவரான சத்தியசித் ரே 1972இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்த சதீசு குச்ரால் (1925–2020) ஓவியர், சிற்பி ஆகியவற்றோடு கட்டடக் கலைஞராகவும் விளங்கினார். தில்லியிலுள்ள பெல்சியத் தூதரகம் அவருடைய வடிவமைப்பு.

பழனி மலைத்தொடருக்கு அண்மையிலுள்ள மதுரையில் பிறந்தவர் மனோகர் தேவதாசு (1936–2022). வேதியியல் படித்தவர். விழித்திரை நிறமிச் சிதைவு நோயால் பார்வை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வர, தடித்த வில்லைகளையும் கடும் ஒளியையும் கொண்டு மதுரையின் கோயில்களையும் தெருக்களையும் நுண்கோடுகளால் வரைந்தார். 1997இல் 'கிரீன் வெல் இயர்சு', 2007இல் 'மல்டிபிள் பேசட்சு ஆப் மை மதுரை' ஆகிய நூல்கள் வெளிவந்தன. இவருடைய மனைவி மகிமா 1972இல் நேர்ந்த கார் விபத்தால் தோளுக்குக் கீழே செயலிழந்தவர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய வாழ்த்து அட்டைகளின் வருவாய் கண் மருத்துவ அறப்பணிகளுக்குச் சென்றது. நன்கொடை பெறுபவர் என்று சமூகம் எதிர்பார்த்த இடத்தில் நின்று இவர்கள் நன்கொடை அளித்தனர். 2020இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த விபத்திற்குப் பின் ஒரு காலை இழந்தார். செய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மீண்டும் மேடையேறினார். 1985இல் வெளிவந்த 'மயூரி' படத்தில் தம் கதையில் தாமே நடித்தார்.

திரைப்படம்

தமிழ்த் திரைப்படங்களில் மாற்றுத்திறனாளர் பாத்திரங்களுக்குக் குறைவில்லை. காசி (2001), மொழி (2007), பேரன்பு (2018) போன்ற படங்கள் பாராட்டும் பெற்றன. இவற்றின் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தவர்கள் அக்குறைபாடு இல்லாதவர்கள். இதற்கு நேர் எதிரான சான்று நாடோடிகள் (2009). அதில் நடித்த அபிநயா கேட்கவும் பேசவும் இயலாதவர். அவர் ஏற்றதோ பேசும் பெண்ணின் பாத்திரம். குரல் வேறொருவருடையது. குரல் கொடுப்போர் எல்லா நடிகைகளுக்கும் உண்டு என்பதால், தமிழ்த் திரைத்துறையில் ஏற்கனவே இருந்த வழக்கமே இங்கு இழுவை இரயில் ஆயிற்று.

சென்னையில் 1995இல் எபிலிட்டி பவுண்டேசன் அமைப்பை நிறுவிய செயசிறீ இரவீந்திரன் கேட்கும் திறன் குறைந்தவர். இவ்வமைப்பு 2005இல் மாற்றுத்திறனாளர் குறித்த பன்னாட்டுத் திரைப்பட விழாவைத் தொடங்கியது. மாற்றுத்திறனாளர் பற்றிய படங்களைத் திரையிடுவதோடு நில்லாமல், வசன வரிகள், ஒலிவழி விவரணை ஆகியவற்றால் அவர்களும் பார்வையாளராக அமர வழிசெய்தது இவ்விழாவின் சிறப்பு. திரையரங்குகளில் இவ்வசதிகள் குறித்து மைய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

அதே ஆண்டு சூலை 8 அன்று, இந்தித் திரைப்படம் ஒன்று தொடர்பாக நிபுண் மல்கோத்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவைக்கும் குறைபாடு உடையவரை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும் வேறுபாடு காண வேண்டும் என்று அது கூறியது. மாற்றுத்திறனாளரைச் சித்திரிக்கும் படைப்புகளில் அவர்களையே ஈடுபடுத்த வேண்டும் என்பதும் தீர்ப்பின் பகுதி.

சட்டம்

ஐக்கிய நாடுகள் அவை 2006 திசம்பரில் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்பு பண்பாட்டு வாழ்வு பற்றியது. மாற்றுத்திறனாளர் தம் கலையாற்றலை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு அளிப்பது அவர்களுடைய நன்மைக்காக மட்டுமன்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும் ஆகும் என்று அவ்வுறுப்பு கூறுகிறது. சைகை மொழிகளையும் கேளாதோர் பண்பாட்டையும் ஏற்பதும் அதில் அடங்கும்.

இந்தியாவின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேலை ஒதுக்கீடு பற்றிய பிரிவுகளே அதிகம் பேசப்படுகின்றன. கலைக்குரியது 29ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளரான கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் வசதியும் ஆதரவும் நிதியுதவியும் அளித்தல், மாற்றுத்திறனாளர் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகம் அமைத்தல், கலையை அவர்கள் அணுகத்தக்கதாக்குதல், கலைப் பாடத்திட்டங்களை அவர்களும் பங்கேற்கும் வகையில் மாற்றியமைத்தல் முதலியவற்றை அது அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமையாக்குகிறது. 'உள்ளாட்சி அமைப்பு' என்னும் சொல் கவனிக்கத்தக்கது. நகராட்சியும் ஊராட்சியும் இதில் அடங்கும்.

வருவாய்

தலைமைத்துவம் பணத்தோடு தொடர்புடையது. இதில் வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களின் பன்னாட்டுச் சங்கம் தனித்த முன்மாதிரி. இளம்பிள்ளைவாதத்தால் கைகளை இயக்க இயலாதிருந்த செருமானிய ஓவியர் எரிக் சுடெக்மான், 1956இல் ஐரோப்பிய ஓவியர் சிலருடன் இதைத் தொடங்கினார். ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாகவும் நாட்காட்டிகளாகவும் அச்சிட்டு விற்று, உறுப்பினருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகின்றனர். உடல்நிலை மோசமாகி வரைய முடியாமற் போனாலும் உறுப்பினருக்கு வருவாய் நிற்பதில்லை. சங்கத்தை நடத்துவோரும் ஓவியர்களே. இந்தியாவிலும் இதற்கு உறுப்பினர்கள் உண்டு. வாழ்த்து அட்டை அனுப்பும் பழக்கம் அருகிவிட்டமை இம்முறைக்கு ஏற்பட்டுள்ள பெருஞ்சிக்கல்.

பழனி, கொடைக்கானல் மேடைகள்

பழனியில் தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய விழாக்களும், கொடைக்கானலில் மே மாதத்தில் பிரையண்டு பூங்கா மலர்க் கண்காட்சியோடு நடக்கும் கோடை விழாவும் இப்பகுதியின் பெரிய பொது நிகழ்வுகள். கோடை விழாவின் கலை நிகழ்ச்சிகள் அரசுத் துறைகளின் பொறுப்பில் நடப்பவை. ஆகவே 29ஆம் பிரிவின் கடமை இவற்றுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

நடைமுறையில் பார்வையாளர் பகுதிக்குச் சாய்தளம் அமைப்பது பற்றிப் பேசப்படும் அளவுக்கு மேடைக்குச் சாய்தளம் அமைப்பது பற்றிப் பேசப்படுவதில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் பார்க்க வந்தவராகவே இருப்பார் என்னும் எண்ணம் அதில் மறைந்துள்ளது. ஒப்பனை அறை, கழிப்பறை, ஒலிவாங்கியின் உயரம், மேடை விளிம்பைப் பார்வையற்ற பாடகர் காலால் உணரத்தக்க தடித்த விரிப்பு ஆகியவை செலவு மிக்கவை அல்ல. ஆனால் விழாவுக்கு முந்தைய நாள் இவற்றைச் செய்ய முடியாது. கொடைக்கானல் போன்ற சரிவான ஊரில் நிகழிடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது முடிவாகி விடுகிறது.

அத்தேர்வு நடக்கும் கூட்டத்தில் மாற்றுத்திறனாளரான கலைஞர் ஒருவர் உறுப்பினராக அமர்வதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளர் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவு கூறுகிறது. பழனி, கொடைக்கானல் ஆகிய இரண்டும் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதால், இவ்விரு ஊர்களின் விழா மேடைகளைப் பற்றிய கோரிக்கையை ஒரே குழுவின் முன் வைக்கலாம்.